குருவி பார்த்தால் யார் சம்பளம் தருவார்கள்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் முதலாவதாக வரும் பெண், நீட் பயிற்சி வேண்டாம், பறவைகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். "குருவி பார்த்தால் யார் சம்பளம் தருவார்கள்?" என்று அவள் அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். சம்பளத்துக்குப் பிறகு வருகிறேன்; முதலில் அந்தப் படிப்பு என்னவென்று பார்த்துவிடுவோம்.

பறவைக்குப் பெயர் சொல்வது அந்தப் படிப்பின் அரிச்சுவடி மட்டுமே. இந்தப் பறவை ஏன் இங்கே இருக்கிறது, பக்கத்து மலையில் ஏன் இல்லை என்பதுதான் அங்கே கேள்வி. கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவமழை மேற்கே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே போகப் போக மழை குறைந்து, ஈரக்காடு முட்புதராகிவிடுகிறது. தீக்காக்கைக்கு மேற்கின் நிழலடர்ந்த காடு வேண்டும். பாறுக் கழுகுக்கோ கிழக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கின் திறந்த வெளியும், கரையோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களும் தோதானவை. பஸ் பயணம் என்னவோ ஒன்றுதான்.

இன்னும் சுவையான கதை சோலைக்கிளியுடையது. பெயரில்தான் கிளி; உண்மையில் சோலைக்காட்டின் அடியில் பூச்சி பொறுக்கும் சிறு குருவி. (மலையாளத்தில் எந்தப் பறவையும் கிளிதான்.) குளிர்ந்த உயரத்தை விட்டு இறங்காது. பாலக்காட்டுக் கணவாய் நமக்குக் கோவையிலிருந்து ரயிலேறிக் கடக்கும் தூரம். அதற்கோ கடக்க முடியாத வெப்பப் பள்ளம். அதனால் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு இனம், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வேறொன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் வாழ்வது மூன்றாவது இனம் என்று 2017-இல்தான் மரபணுவை ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டு மலையில் இப்படியொன்று அத்தனை காலம் பெயரில்லாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறது!

வெப்பம் கூடினால் இத்தகைய பறவைகள் மேலே ஏற வேண்டும். ஏற்கெனவே உச்சியில் இருப்பவை எங்கே ஏறும்? நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு குருவியின் புல்வெளிகளைச் சீகை மரமும் கற்பூர மரமும் (நீலகிரியில் தைலமரத்துக்கு அதுதான் பெயர்) நட்டு நாமே சுருக்கியும் விட்டோம். தட்பவெப்பமும் வாழிடமும் சேர்ந்து நெருக்கும் இந்தக் கணக்கைப் போடத்தான் ஆட்கள் தேவை.

கணக்கு என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். மழைப் பட்டியல், வரைபடம், புள்ளியியல், கணினி நிரல் எல்லாம் இதில் உண்டு. அழகாகப் படம் எடுக்கும் ஒரு பையனை இந்தத் துறைக்கு நான்தான் அனுப்பினேன். புள்ளியியல் பாடத்தைப் பார்த்து ஒரே வருடத்தில் ஓடிவந்துவிட்டான். தவறு என்னுடையது. அதிலிருந்து எல்லோருக்கும் ஒரு சோதனை வைக்கிறேன். உங்கள் மகள் ஏரிக்கரை ஒன்றையும் தைலமரத் தோப்பு ஒன்றையும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மாதம், தினமும் காலையில் ஒரே நேரத்தில், இரண்டு இடத்திலும் கால் மணி நேரம் நின்று எண்ணி, வானிலையோடு நோட்டில் எழுதட்டும். ஒன்றுமே வராத நாளிலும் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள்.

படிப்புக்கு விலங்கியல் அல்லது தாவரவியல் இளங்கலை போதும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியலும் படிக்கலாம். வன உயிரியல் முதுகலை மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் (என்.சி.பி.எஸ்.) போட்டி கடுமை. கோவை அருகே ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தை ஒருமுறை நேரில் பார்த்து வாருங்கள்.

இனி சம்பளம். தொடக்கத்தில் ஒன்றிரண்டு வருட ஆராய்ச்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலைதான். தொகை பெரிதாக இருக்காது. முனைவர் பட்டம் வரை பொறுக்க வீட்டில் வசதி வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு அவள் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலை என்றால், வனவியல் படித்துவிட்டு இந்திய வனப்பணித் தேர்வும் மாநில வனத்துறைத் தேர்வுகளும் எழுதுவது நல்லது. இதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டோடு வாருங்கள். அவள் அப்பாவும் வரட்டும். ஒரு நாளாவது ஏரிக்கரைக்கு அவளோடு போய்விட்டு வந்தால் பேச எனக்கு வசதியாக இருக்கும்.