கணினி கேள்வி பதில்: லேப்டாப்பில் வரும் நெட், பழைய கம்ப்யூட்டருக்கும் வேண்டும்

கேள்வி: வீட்டு முன்னறையில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கோயில் நோட்டீஸ் எல்லாம் விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப்பில்தான் அடிக்கிறேன். ரூட்டர் மாடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. மகளின் லேப்டாப்பில் (விண்டோஸ் 11) வைஃபை நன்றாக எடுக்கிறது. டெஸ்க்டாப்பில் வைஃபை வசதியே கிடையாது. வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவை லேப்டாப்பில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்தே பொழுது போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நெட்வொர்க் கேபிள் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் முக்கோணம்தான் வருகிறது. கிராஸ் கேபிள் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கோ மஞ்சள் விளக்கோ எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் கேபிளில் குறையில்லை. ஒரு முனையின் அனுப்பும் கம்பி மறு முனையின் வாங்கும் கம்பியோடு சேரும்படி மாற்றிப் பின்னியதுதான் கிராஸ் கேபிள். அது தேவைப்பட்டது 10, 100 எம்பிபிஎஸ் வேக நெட்வொர்க் கார்டுகளின் காலத்தில். அனுப்பும் கம்பி எது, வாங்கும் கம்பி எது என்று கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டுகள் தாங்களே பார்த்து மாற்றிக்கொள்ளும். இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு அந்தத் திறன் இருந்தாலே போதும்.

கையில் இருப்பது எந்தக் கேபிள் என்று தெரிந்துகொள்ள ஆசையா? இரண்டு முனைகளையும் கொக்கி பின்பக்கம் இருக்கும்படி ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரியான அந்தப் பிளாஸ்டிக்குக்குள் எட்டுக் கம்பிகள் தெரியும். இரு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருந்தால் சாதாரணக் கேபிள். ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கும் இடத்தில் மறு முனையில் பச்சை ஜோடி இருந்தால் கிராஸ்.

சரி, விளக்கு எரிந்தும் நெட் ஏன் வரவில்லை? கேபிள் என்பது வெறும் பாதைதான். டெஸ்க்டாப்புக்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும், அது கேட்பதை வைஃபை வழியாக வெளியே அனுப்ப வேண்டும். மாடியில் ரூட்டர் செய்கிற அந்த வேலையை இங்கே லேப்டாப் செய்தாக வேண்டும். அதற்கான 'இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்' என்ற வசதி 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. நாம்தான் அதை இயக்கிவிட வேண்டும்.

லேப்டாப்பில் கண்ட்ரோல் பேனல் போய், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்' என்பதைத் திறங்கள். வைஃபை என்றும் ஈதர்நெட் என்றும் இரண்டு படங்கள் இருக்கும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். கேபிள் வழியாகத்தானே கொடுக்கிறோம் என்று ஈதர்நெட்டில் போய் டிக் செய்துவிடுகிறார்கள். நெட் எதன் வழியாக உள்ளே வருகிறதோ அதைத்தான் பகிர வேண்டும். உங்களுக்கு அது வைஃபை. அதன்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், அப்புறம் ஷேரிங். முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். கீழே எந்த இணைப்புக்குக் கொடுப்பது என்று கேட்டால் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் கேபிள் பக்கத்துக்கு 192.168.137.1 என்ற முகவரி தானாக அமைந்துவிடும்.

டெஸ்க்டாப்பில் எதையும் கையால் நிரப்பாதீர்கள். தஞ்சாவூரில் ஒரு கடையில் இதே வேலைக்காக ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முன்பு வந்து பார்த்தவர் வேறு ஓர் அலுவலகத்தின் முகவரியை அப்படியே அடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை அழித்து, முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருவது) இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றியதும் அடுத்த நிமிடமே நெட் வந்தது. உங்கள் டெஸ்க்டாப்பிலும் ஈதர்நெட் இணைப்பின் ஐபிவி4 ப்ராப்பர்டீஸில் இரண்டும் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சரிபார்க்க, டெஸ்க்டாப்பில் 'கமாண்ட் ப்ராம்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று அடியுங்கள். முகவரி 192.168.137 என்று தொடங்கினால் வேலை முடிந்தது. 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க ஆள் இல்லாமல் டெஸ்க்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். லேப்டாப்பில் ஷேரிங் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எல்லாம் சரியாக ஓடும்போதும் லேப்டாப்பின் ஈதர்நெட் படத்தில் 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்' என்று வரலாம். அதற்காக எதையும் கலைத்துவிடாதீர்கள்.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். லேப்டாப் தூங்கினால் டெஸ்க்டாப்புக்கும் நெட் போய்விடும். மகள் அதைக் கல்லூரிக்கு எடுத்துப் போகிற நாளில் மறுபடி பென்டிரைவ்தான். தினமும் கடை நடத்துபவருக்கு இது நிரந்தர ஏற்பாடு ஆகாது. அண்ணனிடம் கேட்டு, ரூட்டரிலிருந்து மாடிப்படி ஓரமாக ஒரு கேபிளை நேராக டெஸ்க்டாப்புக்கே இறக்கிவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், உங்களுக்கு அதில் கால்பங்குகூட ஆகாது. யுஎஸ்பி வைஃபை டாங்கிளும் வாங்கலாம். அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கவே நெட் வேண்டியிருக்கும், அப்போது இந்தக் கேபிள் கைகொடுக்கும்.

இன்னொன்று, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதில் நின்றுவிட்டது. போட்டோவும் மேட்டரும் இறக்குங்கள், ஆனால் வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். பணம் சம்பந்தப்பட்டதெல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

கேள்வி: விடுதி அறையில் என் லேப்டாப்பிலிருந்து நண்பனின் கம்ப்யூட்டருக்குக் கேபிள் வழியாக நெட் கொடுக்கிறேன். இரவு நன்றாக ஓடுகிறது. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் அவனுக்கு வருவதில்லை. தினமும் ஷேரிங் டிக்கை எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் லேப்டாப்பில் பழுதில்லை. விண்டோஸ் 10-இலிருந்து இப்படித்தான். நான்கு நிமிடம் யாரும் பயன்படுத்தாவிட்டால் பகிரும் சேவை நின்றுவிடும். அப்புறம் லேப்டாப்பை அணைத்துத் திறந்தாலும் அது தானாக எழாது. சர்வீசஸ் பட்டியலில் 'இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்' என்பதைத் தேடி, ஸ்டார்ட்அப் டைப்பை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடுவதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு மதிப்பு சேர்க்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே வழி சொல்லியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கம் இல்லையென்றால் டிக்கை எடுத்துப் போடுவதையே தொடருங்கள், அரை நிமிட வேலைதானே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி லேபில் சுவரிலிருக்கும் நெட்வொர்க் பாயிண்ட்டில் லேப்டாப்பைச் செருகும் முன், அந்த டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் உங்கள் லேப்டாப் அங்கேயும் ரூட்டர் வேலை பார்க்கும், பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் 192.168.137 என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்கத் தொடங்கிவிடும். ஓர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்குப் பாதிப் பேருக்கு நெட் போய், மதியம் வரை காரணம் புரியாமல் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால், வீட்டிலிருந்து அப்படியே கொண்டுவந்து செருகிய ஒரே ஒரு லேப்டாப்தான் காரணம்.