மறதிநோய் ஆராய்ச்சிக்குப் போகணும் என்கிற மகளுக்கு: எந்தப் படிப்பு, எத்தனை வருஷம்

கேள்வி தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாயார் அனுப்பியது. மகள் கிரேட் 11 படிக்கிறாள். மேத்ஸில் அறுபதுக்கு மேல், லைஃப் சயின்ஸஸில் எழுபதுக்கு மேல். டாக்டராவாள் என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருக்க, அவளோ வயதானவர்களுக்கு வரும் டிமென்ஷியா என்ற மறதிநோயைப் பற்றி ஊருக்குள் போய் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். "இது ஒரு உத்தியோகமா? கடைசியில் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலையில் போய் நிற்குமோ?"

அம்மா, உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. ஆராய்ச்சி வேலைகள் பெரும்பாலும் நிதி உதவி இருக்கும் வரைதான் ஓடும். ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று ஒப்பந்தம், பிறகு அடுத்த நிதிக்குக் காத்திருப்பு. அதனால்தான் உரிமம் உள்ள ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்குள் போ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மூன்று வருஷப் பொதுப் பட்டத்தோடு நேரே ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தத் துறைக்குப் பொருந்தும் தொழில்களில் ஆக்குபேஷனல் தெரபியைத்தான் முதலில் சொல்வேன். நாலு வருஷப் படிப்பு, பிறகு ஒரு வருஷம் கட்டாய சமூக சேவை, அதன்பின் சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.-வில் தனித்துத் தொழில் செய்வதற்கான பதிவு. மறதிநோய் வந்தவர் தேநீர் போடும்போது எந்தப் படியில் தடுமாறுகிறார், குளியலறையில் எங்கே பிடி வைக்க வேண்டும், கதவை எப்படி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தொழிலின் அன்றாடம். ஊருக்குள் நடக்கும் ஆராய்ச்சிக்கும் அதேதான் தேவை. நர்ஸிங் பட்டமும் நாலு வருஷம்தான், வேலை கிடைப்பதும் எளிது. சோஷியல் ஒர்க்கும் நாலு வருஷம். ஆனால் அந்தப் பட்டம் முடித்து அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

சைக்காலஜிதான் பிள்ளைகளை அதிகம் ஏமாற்றும் வழி. மூன்று வருஷப் பட்டம், ஒரு வருஷ ஆனர்ஸ், பிறகு மாஸ்டர்ஸ். அந்தக் கடைசி வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்க, ஒரு பல்கலைக்கழகம் பத்துப் பேர் அளவில்தான் எடுக்கும். அந்த மாஸ்டர்ஸ் இல்லாமல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. டாக்டர் வழியில் போய் ஜெரியாட்ரிஷியன், அதாவது முதியோர் மருத்துவ நிபுணர், ஆகவும் செய்யலாம். ஆறு வருஷப் படிப்பு, இரண்டு வருஷ இன்டர்ன்ஷிப், ஒரு வருஷ சமூக சேவை, நாலு வருஷ ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி, அதற்கு மேல் இரண்டு வருஷம். மொத்தம் பதினைந்து. பிள்ளைக்கு மருத்துவத்திலேயே ஆசை இருந்தால் சரி, உங்கள் ஆசைக்காக வேண்டாம்.

நாலு வருஷத் தொழிற்பட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு லாபம் உண்டு: ஆனர்ஸ் தனியாகப் படிக்காமல் நேரே மாஸ்டர்ஸுக்குப் போகலாம். பணக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதித் திட்டம் முதல் பட்டத்துக்கு உதவும். மேற்படிப்புக்குத் தேசிய ஆராய்ச்சி நிதியமான என்.ஆர்.எஃப். தரும் உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு: மாஸ்டர்ஸுக்கு 30, டாக்டரேட்டுக்கு 32. பதினெட்டில் மெட்ரிக் (கிரேட் 12), இருபத்திரண்டில் பட்டம், இருபத்து மூன்றில் சமூக சேவை முடிவு. நாலைந்து வருஷம் வேலை பார்த்து அனுபவம் சேர்த்துவிட்டுப் போனாலும் நேரம் மிஞ்சும், பத்து வருஷம் தள்ளிப்போட்டால் மிஞ்சாது.

இப்போது வேலையைப் பற்றி. 10/66 என்ற பன்னாட்டு ஆராய்ச்சிக் குழுவின் பெயருக்குள்ளேயே விஷயம் இருக்கிறது. மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயர். அவர்கள் சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் தமிழில் பேசி ஆய்வு நடத்தினார்கள். நம் நாட்டில் ம்புமலாங்கா மாகாணத்தின் அகின்கோர்ட் பகுதியில் முதுமை பற்றிய ஹால்சி ஆய்வு 2014-இல் தொடங்கி, நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள்.

சிக்கல் அங்கேதான். நினைவையும் சிந்தனையையும் பார்க்கும் மோக்கா என்ற சோதனைக்கு 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் சந்தேகம், பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரலாம். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்த வயதான ஓர் ஆயாவிடம் கடிகாரம் வரையச் சொன்னால் அவருக்கு வராது. பென்சில் பிடித்துப் பழக்கமில்லாததற்கு மறதிநோய் என்று பெயர் வைத்துவிடுவோம். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் வீட்டிலிருக்கும் இன்னொருவரிடமும் தனியாகக் கேட்கிறார்கள்: முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டார்? காசை எண்ணிக் கொடுக்கிறாரா? மொழிபெயர்ப்பிலும் குழி உண்டு. கேள்வியை ஒருவர் தமிழுக்கோ ஸூலுவுக்கோ மாற்ற, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்து, சில பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் களத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் நாக்குப் புரளும் ஒரு வாக்கியத்தை அப்படியே பெயர்த்தால் சோதனையே மாறிப்போகும்.

ஒப்புதல் வாங்குவதும் லேசில்லை. நோய் முற்றியவரால் புரிந்து கையெழுத்திட முடியாது, மகன் போட்டால் மட்டும் போதாது, பெரியவரின் முகச்சுளிப்பையும் மறுப்பாக எடுத்துக்கொண்டு எழுந்து வர வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதங்கள் ஆகும். அனுமதிக்கு முன் எடுத்த பேட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். மாணவர்களின் முதல் வருஷம் கரைவது பெரும்பாலும் இங்கேதான்.

அவளுடைய முதல் ஆய்வு நோயைக் கண்டுபிடிப்பதாக இருக்க வேண்டாம். பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி இருக்கட்டும். அவர்களுடைய சுமையை அளக்கும் ஸாரிட் என்ற கேள்வித்தாளில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. அதோடு பன்னிரண்டு பதினைந்து குடும்பங்களிடம் நீண்ட பேட்டி. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்தால் திட்டம் நிற்கும். ஆரோக்கியமாக முதுமை அடைவது பற்றியும் நம் ஊரிலேயே கேள்விகள் குவிந்திருக்கின்றன. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தடுக்கக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கேட்காத காது, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? டர்பனின் மெரபேங்க் பக்கம் பல பத்தாண்டுகளாக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகையில் முதுமை அடைந்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை. மேத்ஸை விட்டு, அன்றாடக் கணக்கு மட்டுமே உள்ள எளிய பாடமான மேத்ஸ் லிட்ரசிக்கு மாறவே கூடாது. மாறுவது சுலபம், திரும்பி வருவது அநேகமாக முடியாது, பிறகு புள்ளியியல் பக்கமே கதவு அடைபடும். ஸூலு பேசக் கற்கட்டும். நம் மாகாணமான குவாஸூலு நட்டாலில் பெரும்பாலான முதியவர்களின் மொழி அதுதான். தமிழ் வீட்டில் தானாக வரும் என்று விட்டுவிடாமல், ஆயா தாத்தாக்களிடம் பத்து நிமிஷம் தமிழிலேயே பேசிப் பழகட்டும். அடுத்த வருஷம் பல்கலைக்கழக விண்ணப்பம் டர்பனிலுள்ள சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக. கடைசி நாள் படிப்புக்குப் படிப்பு மாறும், மருத்துவத்துக்கு முன்னதாகவே முடிந்துவிடும், அதனால் ஏப்ரலிலேயே பட்டியலைப் பாருங்கள்.

படுக்கை மாற்றும் வேலை பற்றிக் கேட்டீர்கள். வாரம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம், அவள் அதையும் செய்து பார்க்கட்டும். 1921-இல் தொடங்கப்பட்ட ஆரிய பெனிவலன்ட் ஹோம் என்ற காப்பகம் இப்போது சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. தொண்டர்களை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போவது நல்லது. ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்கும் பெரியவருக்கு அவள் எப்படிப் பதில் சொல்கிறாள் என்று அப்போது தெரிந்துவிடும்.