உளவியல் சோதனை பேப்பர்: கணக்குக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்

கணக்கு வராது என்று பி.எஸ்ஸி. சைக்காலஜி சேர்ந்தவர்கள்தான் உளவியல் சோதனை பேப்பரைக் கண்டு அதிகம் மிரள்கிறார்கள். நம்பகத்தன்மை (மறுபடி சோதித்தாலும் ஏறத்தாழ அதே எண் வருகிறதா), ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா), திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன) என்று முதல் சில வாரங்கள் புள்ளியியலாகவே ஓடும். விருப்பப் பாடம்தானே, விட்டுவிடலாமா என்று தோன்றும். விடாதீர்கள். இதில் வருவது பெரும்பாலும் கழித்தல், வகுத்தல், எப்போதாவது ஒரு வர்க்கமூலம். ஆனால் அந்தக் கழித்தலில் கோட்டை விட்டால் ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டே மாறிப்போகும்.

வயதுக் கணக்கையே பாருங்கள். சோதனை நாள் 10-3-2025, பிறந்த நாள் 28-8-2015. பத்தில் 28 போகாது; ஒரு மாதத்தை 30 நாளாகக் கடன் வாங்கினால் 40-28=12. மாதம் இப்போது 2. அதில் 8 போகாது; ஒரு வருடம் கடன் வாங்கி 14-8=6. வருடம் 2024-2015=9. ஆக 9 வருடம், 6 மாதம், 12 நாள். பினே-காமத் என்ற நுண்ணறிவுச் சோதனையில் மன வயது (எந்த வயதுக் குழந்தையின் அளவுக்குப் பதில் சொல்கிறது என்பது) 8 என்று வந்தால், 96 மாதத்தை 114-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்: நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 84. கடன் போன வருடத்தைக் குறைக்க மறந்தால் வயது பத்தரை ஆகிவிடும், ஈவு 76-க்கு இறங்கிவிடும்.

கணக்கு சரியாக வந்தாலும் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சராசரி 100, திட்ட விலக்கம் 15 உள்ள வெக்ஸ்லர் வகை நுண்ணறிவுச் சோதனை, நம்பகத்தன்மை 0.91 என்றால், அளவீட்டுப் பிழை (எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது) 15×√(1-0.91), அதாவது 15×√0.09 = 4.5. ஒருவர் 84 எடுத்தால், இந்தப் பிழையின் ஏறத்தாழ இரண்டு மடங்கை இருபுறமும் விட்டுப் பார்க்கும் 95 சதவீத நம்பிக்கை எல்லை ஏறத்தாழ 75 முதல் 93 வரை. எல்லைக்கோடு, சராசரிக்குச் சற்றுக் கீழ், சராசரி என மூன்று வகைகளையும் இந்த எல்லை தொட்டுவிடுகிறது. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் பாதி பேப்பர் புரிந்த மாதிரி.

பிராக்டிகலில் தப்பு வேறு இடத்தில் நடக்கும். சீகன் பலகையில் (வடிவக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் வைக்கும் சோதனை) 10 கட்டைகள், மூன்று முறை, அவற்றில் குறைந்த நேரம்தான் கணக்கு. குழந்தை தடுமாறும்போது "அங்க இல்ல கண்ணா" என்று வாய் முந்திக்கொள்ளும். சரியாக வைத்தால் தலை தானாக ஆடும். இரண்டுமே குறிப்புக் கொடுத்ததுதான். இன்னொன்று, ஆங்கிலக் கையேட்டை அந்த நேரத்தில் தமிழாக்கிக் கேட்பது. சொல் மாறினால் கேள்வியின் கடினமும் மாறும். துறையில் தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் எந்த வாக்கியத்தில் கேட்டீர்கள் என்பதை ரெக்கார்டில் எழுதுங்கள். கேள்வித் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். சித்தப்பா பையனுக்குச் சோதனை செய்து பார்த்தாலும் மதிப்பெண்ணை வீட்டில் சொல்ல வேண்டாம். அது அவனோடு கல்யாணம் வரை போகும்.

வேலை விஷயம்: இந்தப் பேப்பரை முடித்ததால் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் உரிமை வராது. மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992 சொல்வது இது. வார இறுதி சான்றிதழ் வகுப்புகள் எதற்காவது பணம் கட்டும் முன், அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் இந்த வருடம் இருக்கின்றனவா என்று பெற்றோரையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடிப் பாருங்கள்.