ரைட் சகோதரர்களைத் தவிர, முதல் விமானத்துக்காக நினைவுகூர வேண்டியவர் வேறு யாராவது உண்டா?

உண்டு, சார்லி டெய்லர். பள்ளிப் பேச்சுப் போட்டிக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதற்காக இருந்தாலும் இந்தப் பெயரை விட்டுவிடாதீர்கள்.

நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். முதல் விமானம் பறந்த நாளான டிசம்பர் 17 வந்தபோது மகளின் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். டெய்லரைப் பற்றித்தான் பேசினேன். அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர் அவர். அவர்கள் கேட்ட எடைக்கும் சக்திக்கும் எந்த கார் கம்பெனியும் இன்ஜின் தர முன்வரவில்லை. ஒரு லேத், ஒரு டிரில் மெஷின், கையால் போட்ட சில படங்கள், இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்து கொடுத்தார் டெய்லர். பிஸ்டன்களின் முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை முழு எஃகுக் கட்டியிலிருந்து எடுத்தார்: வரைந்த கோடு நெடுகத் துளை போட்டு, உளியும் சுத்தியலுமாக வேண்டாததைத் தட்டியெடுத்து, பிறகு லேத்தில் கடைந்தார். இன்றைக்கு விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் எங்கள் ஹேங்கரில் ஒரு போல்ட் மாற்றவே எத்தனை கருவி, எத்தனை கையெழுத்து!

பேசி முடித்ததும் ஓர் ஆசிரியர், “மெக்கானிக் கதையைச் சொன்னா பசங்களுக்கு என்ன சார் உத்வேகம் வரும்?” என்றார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

ரைட் சகோதரர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். இறக்கையும் புரொப்பெல்லரும் திசை திருப்பும் உத்தியும் அவர்கள் மூளையில் பிறந்தவைதான். 1903-இல் அந்த விமானம் பறந்தபோது டெய்லர் அங்கே இல்லை, டேட்டனில்தான் இருந்தார் என்பதும் தெரியும். ஆனால் அது பறந்த இடமான கில் டெவில் ஹில்ஸ் குன்றின்மேல் 60 அடி உயரத்துக்கு எழுப்பியிருக்கும் நினைவுத்தூணின் கல்வெட்டில் அண்ணன் தம்பி இருவர் பெயர் மட்டும்தானே இருக்கிறது? டெய்லர் கடைசிக் காலத்தில் வறுமையில் வாடி, 1956-இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். அவர் பிறந்த மே 24-ஐ அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 50 ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அவர் பெயரிலேயே அங்கே அரசு விருதும் தருகிறது. இங்கே அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஏ.எம்.இ. என்னும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு நடத்தும் சில இடங்களில், லைசென்ஸ் தேர்வைத் தனியாக எழுதித் தேற வேண்டும், வேலை அனுபவமும் காட்ட வேண்டும் என்பதைச் சேரும்போது சொல்வதேயில்லை. என் அக்கா மகன் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் இருக்கிறதா, விமானத்தைத் தொட்டு வேலை பழக எங்கே அனுப்புவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.