மறுமொழி: 3, 4-ஆம் வகுப்பு ஒரே அறையில், என்ன செய்வது?

வணக்கம் டீச்சர். கடலூர்ப் பக்கம் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன், பாதிப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, தமிழ், கணக்கு, அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நானும் அப்படியொரு வகுப்பில் இருந்தவள்தான்.

பண்ருட்டி பக்கத்தில்தானே இருக்கிறது, சீசனில் ஒரு பலாப்பழம் வாங்கி வாருங்கள். அறுக்கும் முன்னால் எத்தனை சுளை இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து எழுதட்டும். அப்புறம் கொட்டைகளைக் கழுவி, கொட்டாங்கச்சிக்குப் பத்தாகப் போடச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புக்கு அது பத்துகளும் ஒன்றுகளும். நான்காம் வகுப்பு அதையே பெருக்கலாக எழுதும், ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கும்.

வாசிப்புக்குத்தான் இது பெரிய உதவி. பிள்ளைகள் சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள்: 'பால் கையில ஒட்டுச்சு', 'சடை நாராக இருக்கு.' தான் சொன்ன வாக்கியத்தை வாசிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. பேச்சு வழக்கை முதல் நாளே திருத்தாதீர்கள், தயவுசெய்து.

அறிவியலுக்கு, புதுக் கொட்டை ஒன்று, நன்றாகக் காய்ந்த கொட்டை ஒன்று, இரண்டையும் தனித்தனியாக நடுங்கள். காய்ந்தது முளைக்காது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

கைக்கு எண்ணெய் தடவிவிட்டு அறுங்கள். ஒன்று முக்கியம்: எண்ணுவதற்கு ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை மட்டும் வேண்டாம், அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.