சாதுவான நாய் திடீரென்று உறுமினால் என்ன வாங்கலாம்?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஐந்து வயது. யார் தொட்டாலும் வாலாட்டும். பத்து நாளாகத் தலையைத் தடவப் போனாலே உறுமுகிறது. நேற்று பையனின் கையைக் கவ்விவிட்டு விட்டது, கீறல் இல்லை. பெட் ஷாப்பில் 'அமைதி மாத்திரை' 1,100 ரூபாய்க்கும், ரிமோட் ஷாக் காலர் 2,800 ரூபாய்க்கும் தருகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். ஐந்து வருடம் வாலாட்டிய நாய் பத்தே நாளில் மாறியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியைத்தான். அந்த 3,900 ரூபாயைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தைத் தொட்டால் உறுமுகிறது என்பதே பாதி விடை. தலை என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் காது, பல், கழுத்து மூன்றில் ஒன்று. லாப்ரடாரின் காது மடிந்து தொங்குவதால் உள்ளே ஈரம் தங்கும். நீச்சல், குளியலுக்குப் பிறகு சீழ் பிடிப்பது சகஜம். காதருகே புளித்த வாடை, பழுப்பு அழுக்கு, அடிக்கடி தலையை உதறுவது இருந்தால் காது. ஒரு பக்கமாகவே மெல்வது, உணவை வாயிலெடுத்துக் கீழே போடுவது என்றால் பல். உறுமும் நாயின் காதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். பட்ஸ் விடுவதும், வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை ஊற்றுவதும் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

மருத்துவமனைக்குப் போகுமுன் நடை, படியேறுதல், படுத்து எழுதல் மூன்றையும் தலா அரை நிமிடம் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பயந்துபோன நாய் மருத்துவர் முன்னால் நொண்டாமல் நடந்து காட்டிவிடும். காதுக்குள் கருவி வைத்துப் பார்ப்பது, அழுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, பிளேட்லெட்டோடு (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) முழு ரத்த அணு எண்ணிக்கை, கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்பது, ஈரல் - சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை: இவற்றைக் கேட்டுச் செய்யுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலை விட்டுவிடவே கூடாது. சோர்வு, எரிச்சல், வெளிறிய ஈறு, குறைந்த பிளேட்லெட் அதன் அடையாளங்கள். ஆசனவாயில் வைத்து எடுக்கும் வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. தைராய்டு குறைவும் நாயின் குணத்தை மாற்றலாம். ஆனால் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவை மட்டும் பார்த்து ஆயுளுக்கும் மாத்திரை எழுதினால், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனையும் பார்க்கச் சொல்லுங்கள்; வேறு நோய் இருந்தாலும் டி4 இறங்கலாம்.

செலவு பயமாக இருந்தால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்களுக்குப் போகலாம். வலி என்று சந்தேகித்து மனிதர்களின் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும்.

இனி ஷாக் காலர். காது வலிக்கும் நாய், பையன் பக்கத்தில் வரும்போது கழுத்தில் மின்னதிர்ச்சி வாங்கினால் என்ன கற்றுக்கொள்ளும்? பையன் வந்தால் வலிக்கும் என்றுதான். உறுமல் நாய் தரும் எச்சரிக்கை மணி. அதை அடக்கினால் அடுத்த முறை மணியடிக்காமலே கடிக்கும். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இந்தக் காலருக்குத் தடை.

அமைதி மாத்திரை அவ்வளவு மோசமில்லை. பட்டாசுச் சத்தத்துக்கு மிரளும் சில நாய்களுக்கு லேசாக உதவலாம். வலிக்கு உதவாது. அது மருந்தாக அல்ல, துணை உணவாக விற்கப்படுவது. ஒரு மாத்திரையில் எல்-தியனைனோ டிரிப்டோஃபனோ (அமைதி தரும் என்று சேர்க்கப்படும் அமினோ அமிலங்கள்) எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இல்லாமல் 'மூலிகைக் கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ரேபிஸ் என்ற வெறிநோய். ஆண்டுத் தடுப்பூசி தவறியிருந்தால், இருட்டில் பதுங்குவது, குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வழிவது, விழுங்கத் திணறுவது என்று ஏதாவது தெரிந்தால் நாயைத் தனியறையில் விட்டுக் கதவை அடைத்து மருத்துவரை அழையுங்கள். எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பையனின் கையை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். சின்னக் கீறல் தெரிந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாயைப் பத்து நாள் கவனிப்பது அவசியம்தான், ஆனால் அதற்காகப் பையனுக்கான ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: உண்ணிக்காக அமிட்ராஸ் மருந்து வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் 'ஒரு மூடி' ஊற்றிக் குளிப்பாட்டினோம். அன்று மாலையிலிருந்து நாய் கூப்பிட்டாலும் எழாமல் தூங்கி வழிகிறது, நடந்தால் தள்ளாடுகிறது. மருந்து போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. அளவு கூடியிருக்கலாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 12.5 சதவீதக் கரைசல். லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால் 0.025 சதவீதம், 4 மி.லி. கலந்தால் 0.05 சதவீதம். உங்கள் பாட்டிலின் தாளில் நாய்க்கு என்று போட்டிருக்கும் அளவே கணக்கு. மூடி அளவுகோல் அல்ல; ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்க வேண்டும், வாளித் தண்ணீரையும் லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டும்.

மந்தம், தள்ளாட்டம், வாந்தி, நாடி குறைவது எல்லாம் அமிட்ராஸ் நச்சின் அறிகுறிகள். கையுறை போட்டு, மிதமான சோப்பால் உடம்பை அலசித் துடையுங்கள். நக்க விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த நச்சை முறிக்கும் மருந்து அவரிடம் உண்டு. நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும், சர்க்கரை நோயுள்ள நாய்க்கும், சிவாவா என்ற மிகச் சிறிய நாய் இனத்துக்கும் அமிட்ராஸே ஆகாது.

அமிட்ராஸுக்குப் பதிலாக உண்ணி மாத்திரை கேட்டால் ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் வகையைத் தருவார்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு சில நாய்களுக்கு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் வாங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்துக் காசு மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். எடைக்கேற்ற பெட்டியே வாங்குங்கள்.

கேள்வி: வாங்கி 12 நாளான குட்டி எல்லோரையும் கடிக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: வயது இரண்டரை மாதமென்றால் கடிப்பது விளையாட்டு, அதைக் குறை என்று வாதாட முடியாது. எட்டு வாரத்துக்கு முன்பே விற்றிருந்தாலோ, நோயை மறைத்து விற்றிருந்தாலோ கதை வேறு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்க 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளில் இடமில்லை. ரசீதும், மருத்துவர் எழுதிய வயது - நோய்ச் சான்றும் கையில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. தடுப்பூசி அட்டையையும் புரட்டிப் பாருங்கள். மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லாமல் தேதி மட்டும் எழுதியிருந்தால், ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.