நூலகத்தில் போதை ஊசி: ஊழியர்கள் என்னதான் செய்கிறார்கள்?

அமெரிக்க நகர நூலகங்களில் போதை ஊசி போட்டு மயங்கிக் கிடப்பவர்களை ஊழியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிலடெல்பியாவின் கென்சிங்டன் பகுதியில் மெக்பெர்சன் சதுக்க நூலகம் இருக்கிறது. 2017-இல் போதை அளவு மீறி வாசல் புல்வெளியில் மயங்கிக் கிடந்தவர்களைக் காப்பாற்ற, அங்குள்ள நூலகர்களே நலோக்சோன் என்ற மாற்று மருந்தோடு ஓடினார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே அது. ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்கள் மூளையில் பற்றியிருக்கும் இடத்திலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டு, அடங்கிக்கொண்டிருக்கும் மூச்சை இரண்டு மூன்று நிமிடங்களில் மீட்கும். ஆனால் அதன் வீரியம் 30 முதல் 90 நிமிடம்தான். உடம்பில் போதைப்பொருள் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம். அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்தாலும் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தே ஆக வேண்டும். (அந்த வகைப் போதைப்பொருள் எடுக்காதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.)

சிக்கல் பெரும்பாலும் கழிவறையில்தான். சில இடங்களில் நரம்பு தெரியாதபடி நீல விளக்கு போடுகிறார்கள். எனக்கு இது உருப்படியான யோசனையாகப் படவில்லை. தடவித் தடவிக் குத்துவார்கள், காயம்தான் மிச்சம். பயன்படுத்திய ஊசியைப் போட உறுதியான பெட்டி வைப்பது மேல், துப்புரவுப் பணியாளர் கையாவது தப்பும்.

சான்பிரான்சிஸ்கோ நூலகம் 2009-இலேயே ஒரு சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்தது. தங்குமிடம், சிகிச்சை என்று வழிகாட்டுவது அவர் வேலை. வீடில்லாமல் தெருவில் இருந்து மீண்டவர்களையும் உதவிக்குச் சேர்த்தார்கள். கழிவறைப் பக்கம் என்ன நடக்கிறதென்று காவலாளியைவிட அவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.